டேபிள்டாப் ஆர்பிஜி பிராண்டு தொடங்கப் போகிறீர்களா? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு வழிகாட்டி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்தும் டேபிள்டாப் ஆர்பிஜி விளையாட்டு ஒன்றை எழுதிவிட்டீர்கள், வாரா வாரம் நாலு பேர் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார்கள், அவர்களில் ஒருவர் "இதை அச்சடித்து விற்றால் என்ன?" என்று கேட்டும்விட்டார். அப்புறம் என்ன செய்வது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு எழுதியது. கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் போடு, எல்எல்சி என்ற கம்பெனி தொடங்கு, கிடங்குக்கு அனுப்பு என்பார்கள். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருப்பவருக்கு அதில் பாதி பொருந்தாது. நான் இதில் பட்ட பாடு போதும், எந்த வேலையை எந்த வரிசையில் செய்தால் காசும் காலமும் மிச்சமாகும் என்று எழுதிவைக்கிறேன். விளையாட்டை எப்படி வடிவமைப்பது என்பது இதில் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியிலிருந்து யோசிக்கிறார்கள். வழவழப்பான பெட்டி, உள்ளே பகடை, வரைபடம், அட்டைகள். அந்தப் பெட்டியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் உரிமை, அடுத்து பெயர், அப்புறம் புத்தகம். காரணம் 7-ஆம் படியில் வருகிறது.

1. விதிகள் யாருடையவை என்று தெளிவுபடுத்துங்கள்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தையும் படத்தையும் காக்கும், விளையாடும் முறையைக் காக்காது. 20 முகப் பகடையை உருட்டி, ஒரு எண்ணைக் கூட்டி, இலக்கைத் தொட்டால் வெற்றி என்கிற முறை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை விளக்கும் பத்தியை இன்னொரு புத்தகத்திலிருந்து அப்படியே மொழிபெயர்த்துப் போட்டால் மாட்டுவீர்கள்.

சொந்த விதி எழுத நேரமில்லை என்றால் திறந்த விதித்தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தில் இருக்கிறது. அடுத்த பதிப்பான 5.2, 2025-ல் அதே உரிமத்தில் வந்தது. தமிழாக்கலாம், மாற்றலாம், விற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதை வெளியிட்ட நிறுவனம் கொடுத்திருக்கும் நன்றிக்குறிப்பை மட்டும் புத்தகத்தில் போட வேண்டும். ஃபேட், பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற வேறு இரண்டு ஆர்பிஜிகளின் விதித்தொகுப்புகளும் இதே வகை உரிமத்தில் கிடைக்கின்றன.

இதில் கண்ணி மூன்று. எஸ்ஆர்டியில் இருப்பது மட்டும்தான் திறந்தது, அந்த நிறுவனத்தின் மற்றப் புத்தகங்களில் வரும் ஊர்களும் பாத்திரங்களும் இதில் சேராது. விளையாட்டின் பெயர் அவர்களுடைய வணிகக்குறி (டிரேட்மார்க்), அதனால் உங்கள் அட்டையில் அதைப் போட முடியாது, "ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்" என்று போடலாம். மூன்றாவது, பழைய வழிகாட்டிகள் இன்னமும் அதே நிறுவனத்தின் ஓஜிஎல் என்ற பழைய உரிமத்தைப் பரிந்துரைக்கும். 2023-ல் அதை மாற்றப் பார்த்துப் பெரிய ரகளையான பிறகுதான் கிரியேட்டிவ் காமன்ஸுக்கே வந்தார்கள், புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு ரசிகர்கள் எழுதியதை விற்கும் டிஎம்ஸ் கில்டு தளத்தில் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். விலையில் பாதி உங்களுக்கு வரும், ஆனால் அங்கே போட்டதை வேறெங்கும் விற்க முடியாது. கைச்செலவுக்குச் சரி, பிராண்டு வளராது.

ஊர்க்கதைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீலி கதை வழிவழியாக வருவது, அதற்கு உரிமையாளர் இல்லை. ஆனால் ஒருவர் அதை நாவலாகவோ நாடகமாகவோ எழுதியிருந்தால் அந்த வடிவம் அவருடையது. அதைவிட முக்கியம், மாடனும் இசக்கியும் இன்றைக்கும் படையல் வாங்குகிற தெய்வங்கள். அவர்களுக்கு 50 உயிர்ப்புள்ளி போட்டு "கொன்றால் 200 அனுபவப்புள்ளி" என்று எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா 299-ஆம் பிரிவில் புகார் வரலாம், அதற்கு முன்னால் வீட்டு வாசலுக்கே ஆள் வரலாம். உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை, 1741 குளச்சல் போர், பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காடு என்று களத்துக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. நிலத்தை ஊரிலிருந்து எடுங்கள், பிராணிகளை நீங்களே உண்டாக்குங்கள்.

2. பெயரைப் பதிவு செய்யுங்கள்

லோகோ வரைவதற்கு முன்னால் வணிகக்குறிப் பதிவகத்தின் தளத்தில் போய்ப் பெயரைத் தேடிப் பாருங்கள், இலவசம்தான். ஒரே உச்சரிப்பில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தாலும் ஆட்சேபம் வரும்.

ஊர்ப்பெயரை வைக்க எல்லோருக்கும் ஆசை. "குமரி கேம்ஸ்" என்று விண்ணப்பித்தால், இடத்தைக் குறிக்கும் சொல் என்று வணிகக்குறிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டி நிறுத்துவார்கள். மத உணர்வைத் தொடும் பெயருக்கும் அதே பிரிவில் தடை இருக்கிறது. நீங்களே உருவாக்கிய சொல்தான் சுலபமாகத் தேறும்.

விண்ணப்பம் டிஎம்-ஏ படிவத்தில். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு ₹4,500, மற்றவர்களுக்கு ₹9,000. புத்தகம் 16-ஆம் வகுப்பு, விளையாட்டுப் பொருள் 28, தரவிறக்கக் கோப்பு 9. 16, 28 இரண்டையும் போடுங்கள், ₹9,000 ஆகும், 9-ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்ட் கட்டணம் தனி. தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் ஆங்கில ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அந்தப் பெயரில் விற்றிருந்தால் முதல் பயன்பாட்டுத் தேதிக்குப் பிரமாணப் பத்திரமும் பில்லும் வேண்டும், இல்லையென்றால் "இனிமேல் பயன்படுத்தப் போவது" என்று குறித்தால் போதும்.

காலக்கணக்கு: பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. அப்புறம் பதிவகத்தின் ஜர்னலில் வெளியாகி 4 மாதம் எதிர்ப்புக்குக் காத்திருக்கும். எல்லாம் ஒழுங்காகப் போனாலும் ஒரு வருடம் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த நாளிலிருந்தே டிஎம் குறி போடலாம், வட்டத்துக்குள் ஆர் மட்டும் பதிவு வந்த பிறகுதான். பதிவு 10 வருடத்துக்குச் செல்லும்.

3. உத்யம், வங்கிக் கணக்கு

ஆதார், பான் இருந்தால் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு அன்றைக்கே முடியும், கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. வணிகக்குறியில் ₹4,500 சலுகைக்கு இந்தச் சான்றிதழ் உதவும் என்பதால் 2-ஆம் படிக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். நடப்புக் கணக்குக்குத் தொழில் நடப்பதைக் காட்டும் இரண்டு ஆவணம் கேட்பார்கள், உத்யம் ஒன்று. இன்னொன்றுக்கு எதை ஏற்பார்கள் என்பது கிளைக்குக் கிளை மாறும், போவதற்கு முன் போனில் கேளுங்கள். தொடக்கத்தில் தனியுரிமைத் தொழிலாகவே இருக்கட்டும், கம்பெனி எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

4. ஓவியரிடம் எழுதி வாங்குங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தெரிந்த பையன், நல்லா வரைவான், ஜிபேயில் காசு போட்டாச்சு, படம் வந்தாச்சு. காசு கொடுத்ததாலேயே உரிமை கைக்கு வந்துவிட்டது என்று நம்பி உட்காராதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமை தருகிறவரோ அவருடைய முகவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணா" போதாது.

எழுதினாலும் மூன்று விஷயம் விட்டுப்போகும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும், நீங்கள் பிடிஎஃப்பை வெளிநாட்டில் விற்கும்போது அந்தப் படத்துக்கு உரிமை இருக்காது. ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகும், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. இந்த மூன்றாவது நம்மை மாதிரி ஆட்களுக்குத்தான் கழுத்தில் கத்தி, ஏனென்றால் படம் வாங்கி ஒன்றரை வருடம் கழித்துத்தான் பல புத்தகங்கள் அச்சுக்கே போகின்றன.

ஆகவே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: படங்களின் பட்டியல், முழு உரிமையா புத்தகத்துக்கு மட்டுமா, காலம், நாடுகள், அச்சு, டிஜிட்டல், பெட்டி, டி-ஷர்ட் என்று பயன்பாடுகள், தொகை, ராயல்டி உண்டா இல்லையா, தாமதமாகப் பயன்படுத்தினாலும் உரிமை போகாது என்ற வரி, எத்தனை முறை திருத்தித் தருவார், பாதியில் நின்றால் எவ்வளவு. ஓவியர் பெயரை உள்ளே போடுவதாகவும் எழுதுங்கள், அது அவருக்குச் சட்டப்படியே உள்ள உரிமை. வரைபடம் போட்டவர், லேஅவுட் செய்தவர், சாகசக் கதை எழுதிக் கொடுத்த நண்பர் எல்லோரிடமும் இதே மாதிரி வாங்குங்கள். நண்பரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். விளையாட்டு விற்க ஆரம்பித்த பிறகு கேட்டால் இன்னும் கூச்சமாக இருக்கும்.

உரிமை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, படக்காசு குறைய வேண்டும் என்றால், "புத்தகத்திலும் விளம்பரத்திலும் மட்டும், உலகம் முழுக்க, எக்காலத்துக்கும்" என்று வாங்கிக்கொண்டு மூலப்படத்தை விற்கும் உரிமையை ஓவியரிடமே விட்டுவிடலாம். அட்டைப்படம், லோகோ இரண்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கூடாது, அவை முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும்.

5. அச்சுக்கு முன்னால் இலவசப் பிடிஎஃப்

16 பக்கத்தில் சுருக்க விதி, நாலு தயார்ப் பாத்திரம், ஒரே மாலையில் முடிகிற சாகசம் ஒன்று. இதை இலவசமாக விடுங்கள். உங்களை அறியாத ஒரு கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துகிறவர்) இதை மட்டும் வைத்துக்கொண்டு நடத்த முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்காமல் கவனியுங்கள். நீங்களே நடத்தினால் எந்த விளையாட்டும் நன்றாகத்தான் இருக்கும். நாகர்கோவிலில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, விடுதி மாணவர்கள் ஞாயிறு மதியம் கிடைப்பார்கள், டீயும் பழம்பொரியும் உங்கள் செலவு. மூன்று மாதமாவது இதற்கு ஒதுக்குங்கள். படித்தவர்களின் மின்னஞ்சலைச் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள். எத்தனை பிரதி அடிப்பது என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும், முகநூல் விருப்பக்குறி சொல்லாது.

6. அச்சு

முதலில் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண். ராஜா ராம்மோகன் ராய் முகமை ஆன்லைனில் இலவசமாகத் தருகிறது, காசுக்கு விற்பவர்களிடம் வாங்காதீர்கள். பின்னட்டையில் பார்கோடு வர வேண்டும் என்பதால் அட்டை முடிவதற்குச் சில வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். அச்சுக்கும் மின்னூலுக்கும் வேறு வேறு எண்.

சிவகாசி நமக்கு எட்டும் தூரம்தான், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் அச்சகத்தில் இருக்கலாம். ஆனால் காலம் பார்த்துப் போங்கள். ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் காலண்டர் வேலை தொடங்கிவிடும், அப்புறம் வருடக் கடைசி வரைக்கும் உங்கள் ஆயிரம் பிரதியை யாரும் சீந்த மாட்டார்கள். அதற்கு முன்னால் பள்ளி நோட்டுப் புத்தகச் சீசன். ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள் கோப்பைக் கொடுத்துவிடுவது நல்லது.

பக்கங்கள் 16-ன் மடங்கில் இருக்கட்டும், 128 பக்கம் என்றால் 8 ஃபாரம் (16 பக்கக் கட்டு). விதிப்புத்தகம் மேசையில் விரித்தபடி கிடக்க வேண்டும், அதனால் வெறும் பசை பைண்டிங் வேண்டாம், ஃபாரம் தையல் கேளுங்கள், கொஞ்சம் கூடுதலாகும். கோப்பு சிஎம்ஒய்கே என்ற அச்சு நிறமுறையில், ஓரத்தில் வெட்டுவதற்கு 3 மில்லிமீட்டர் பிளீடு விட்டு, எழுத்துரு பதித்த பிடிஎஃப்பாக இருக்க வேண்டும். தமிழ் முழுவதும் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவுக்கு அச்சகத்திலேயே மாற்றித் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள், அட்டவணைகளில் எண்ணும் ஒற்றெழுத்தும் இடம் மாறும், ஆர்பிஜி புத்தகத்தில் அட்டவணை தப்பினால் விளையாட்டே தப்பு. பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி இதுதான் ப்ரூஃப் என்பார்கள். அதே தாளில் ஒரு ஃபாரமாவது அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. பிரதிகளைச் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறையோடு வாங்கி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். புத்தகம் வெளிவந்து 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என்று நாலு நூலகத்துக்கும் தலா ஒரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும், 1954-ஆம் வருடச் சட்டம். அந்த நாலையும் கணக்கில் கழித்து வையுங்கள்.

7. விலை, வரி, களியக்காவிளை

உதாரணத்துக்கு, ஒரு பிரதியின் அடக்கம் ₹150 என்று வைப்போம். ₹400 விலை போட்டால், கடைக்கு 40 சதவீதம் போக ₹240 வரும், அடக்கம் போனால் ₹90. ஓவியர் காசு, நனைந்த பிரதி, தபாலில் கசங்கியது எல்லாம் அந்த ₹90-க்குள் அடங்க வேண்டும், அடங்காது. ₹600 போட்டால் ₹210 நிற்கும். அடக்கத்தைப் போல நாலு மடங்குக்குக் கீழே இறங்காதீர்கள். "தமிழ்ப் புத்தகத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பவர் நாவல் விலையோடு ஒப்பிடுகிறார். ஐந்து பேர் ஒரு வருடம் விளையாடும் பொருள் என்று சொல்லுங்கள்.

இப்போது வரி. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. புத்தகம் மட்டும் விற்றால் எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டாம் (அச்சகம் போடும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது, அதை அடக்கத்திலேயே சேருங்கள்). பகடை, அட்டை, பெட்டி என்று வந்ததும் கதை மாறும். அவை வரிக்குரிய பொருள், போர்டு கேம் வகைக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து 5 சதவீதம். புத்தகத்தையும் பகடையையும் ஒரே விலையில் ஒரே பெட்டியில் போட்டால் எதற்கு வரி கூடுதலோ அந்த வரி முழுப் பெட்டிக்கும் வரும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் மட்டும் விற்றால் வருடம் ₹40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் நமக்கு மதுரையைவிடத் திருவனந்தபுரம் பக்கம், வாங்கும் கூட்டமும் அங்கே உண்டு. கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டி ஒரே ஒரு பகடைச் செட் விற்றாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை, தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம். சென்னைக்காரருக்கு இது என்றைக்கோ வரும் பிரச்சினை, பாறசாலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு முதல் வாரமே வரும். பெட்டியைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னது இதனால்தான்.

உங்கள் தளத்திலேயே பிடிஎஃப் விற்றால் அது சேவைக் கணக்கில் போகும், அது கலந்ததும் ₹40 லட்சம் என்பது ₹20 லட்சமாகும். அச்சுப் பிரதி உள்ள மின்னூலுக்கு 5 சதவீதம், இல்லாததற்கு 18. உங்கள் கணக்குக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டரிடம் ஒருமுறை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

8. விற்பது

கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது, காசு போட மட்டும்தான் முடியும். அமெரிக்க நண்பர் பெயரில் தொடங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், வருகிற பணத்துக்கு அவர் அங்கே வரி கட்ட வேண்டும் என்பதை முதலில் பேசுங்கள். நான் சொல்வது முன்பதிவு. இறுதிக் கோப்பு அச்சகத்துக்குப் போன பிறகு மட்டும் காசு வாங்குங்கள், தேதியை ஒரு மாதம் தள்ளியே சொல்லுங்கள்.

தபாலில் ஞான போஸ்ட் என்ற சேவை 2025 மே மாதம் தொடங்கியது, 300 கிராமுக்கு ₹20-லிருந்து 5 கிலோவுக்கு ₹100 வரை, வரி தனி. எந்த வகைப் புத்தகத்துக்கு என்று வரையறை இருக்கிறது, உங்கள் பிரதியைக் கையில் கொண்டுபோய்த் தலைமைத் தபால் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். பகடை சேர்ந்தால் நிச்சயம் இதில் போகாது.

வெளிநாட்டுக்கு முதலில் பிடிஎஃப் மட்டும். இட்ச் ஐஓ தளம் இயல்பாக 10 சதவீதம் எடுக்கும், அதை நீங்களே மாற்றலாம். டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் உங்களுக்கு 65 சதவீதம், அங்கே மட்டுமே விற்றால் 70. பேபால் இந்தியாவுக்குள் வேலை செய்யாது, வெளிநாட்டுப் பணம் வாங்க மட்டும் உதவும், பான் இணைத்து, எதற்கான பணம் என்ற குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். அச்சுப் பிரதியே அனுப்ப வேண்டுமென்றால் ஐஇசி என்ற ஏற்றுமதி எண் வேண்டும், ₹500, வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்த விவரம் தர வேண்டும், மாறாவிட்டாலும் தர வேண்டும், மறந்தால் எண் முடங்கும். தபால் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையம் வழியாக அனுப்பலாம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இந்த வம்பெல்லாம் வேண்டாம், லீவுக்கு வரும்போது வீட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்கேற்ப உள்ளூர் முகவரிக்கு அனுப்பும் வசதி வையுங்கள்.

நாகர்கோவில் புத்தகத் திருவிழாவில் ஸ்டால் போட்டால் புத்தகத்தை அடுக்கிவிட்டு உட்காராதீர்கள். ஒரு மேசை, நாலு ஸ்டூல், 20 நிமிட விளையாட்டு. பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது, விளையாடியவர்தான் வாங்குவார்.

9. இப்போது பெட்டி

முதல் அச்சு தீர்ந்த பிறகு வாருங்கள். பெட்டியின் மேல் அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் பெயர் முகவரி, மாதம் வருடம், உள்ளே எத்தனை, புகார் எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும், எடையளவுச் சட்ட விதி. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான விளையாட்டுப் பொருளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்கள் விளையாட்டு பெரியவர்களுக்கானது என்றால் பெட்டியிலும் விளம்பரத்திலும் 14 வயதுக்கு மேல் என்று போடுங்கள், படத்தில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுப் பின்னட்டையில் 14+ என்று எழுதினால் எடுபடாது. பகடையைச் சீனாவிலிருந்து தருவித்தால் சுங்கத்தில் இதே கேள்வி வரும், முதல் சுற்றுக்கு உள்நாட்டு விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

10. இரண்டாம் வருடம்

மூலப்புத்தகத்தை மூன்று வருடமாவது மாற்றாதீர்கள். பிழை இருந்தால் திருத்தப் பக்கத்தை இலவசமாக விடுங்கள். நாலைந்து மாதத்துக்கு ஒரு சின்ன சாகசம், 32 பக்கம், போதும். ஒரு உலகம் ஓடுகிறது என்றதும் இரண்டாவது, மூன்றாவது உலகம் தொடங்காதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் 1990-களில் அதைத்தான் செய்தது, ஒவ்வொரு உலகத்துக்கும் தனி வாசகர் என்று பிரிந்து போனார்கள், கடன் ஏறி 1997-ல் கைமாறியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம், மக்கா.

மறு அச்சை, மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே பேசத் தொடங்குங்கள், ஆடிக்கு முன்னால் தேதி கிடைக்கிறதா என்று பார்த்து.

ரசிகர்கள் உங்கள் விளையாட்டுக்குச் சாகசம் எழுதி விற்க அனுமதி கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதாமல் ஒரு பக்க உரிமம் போட்டுவிடுங்கள்: விதிகளைப் பயன்படுத்தலாம், "இன்ன விளையாட்டோடு பொருந்தும்" என்ற முத்திரையைப் போடலாம், எங்கள் லோகோவும் படங்களும் கூடாது, உங்கள் எழுத்து உங்களுக்கே சொந்தம், ராயல்டி வேண்டாம், பின்னால் உரிமத்தை மாற்றினாலும் ஏற்கெனவே வெளியிட்டதைப் பாதிக்காது. கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். 2023-ல் ஓஜிஎல் விஷயத்தில் அவ்வளவு பேர் கொதித்ததற்கு அந்த உறுதி இல்லாமல் போனதும் ஒரு பெரிய காரணம்.